வல்லாரை விற்றவன் மூக்கு

எங்கள் கடையில் இந்த வருடம் அதிகம் போன சரக்கு வல்லாரைப் பொடி. அதற்கு நான்தான் விளம்பரம். போர்டு எழுதவில்லை, நோட்டீஸ் அடிக்கவில்லை. கல்லாவில் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். எதிரில் டீக்கடை வைத்திருப்பவர் வருகிற போகிறவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டுவார்.

"தோ ஒக்காந்துகினு இருக்காரே, அவருதான். கரும்பு வண்டில மோதி மண்டையில அடி. ஆஸ்பத்திரி மாத்திரய தூக்கிப் போட்டுட்டு சொந்தக் கடை வல்லாரையவே தின்னு எழுந்துட்டாரு. இப்ப ஆளப் பாரு!"

ஆளைப் பார்ப்பார்கள். நானும் பார்க்கப்படுவதற்குத் தோதாக உட்கார்ந்திருப்பேன். மாத்திரையை நான் தூக்கிப் போடவில்லை, ஒழுங்காகத்தான் முழுங்கினேன். எழுந்துவிட்டேன் என்பதும் முழு உண்மை இல்லை. ஆனால் இதையெல்லாம் ரோட்டைத் தாண்டிப் போய் யார் திருத்திக்கொண்டிருப்பது?

வில்லியனூர் கடைத்தெருவில் எங்களுடையது நாட்டு மருந்துக் கடை. சுக்கு, திப்பிலி, அதிமதுரம், வசம்பு, சாம்பிராணி, பெருங்காயம் என்று இருநூறு சரக்காவது இருக்கும். இந்தத் தொழிலுக்குப் படிப்பு வேண்டாம், மூக்கு வேண்டும். மொத்த வியாபாரி அனுப்புகிற மூட்டையைப் பிரித்ததும் கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்து மோந்து பார்க்க வேண்டும். ஈரம் பட்டதா, பழசைப் புதுசோடு கலந்திருக்கிறானா, பூசணம் பிடித்து வெயிலில் காயவைத்து ஒன்றும் நடக்காதது போல அனுப்பியிருக்கிறானா, எல்லாம் அந்த ஒரு பிடியில் தெரிந்துவிடும். என்னிடம் சரக்கு தள்ள வருகிறவர்கள், "அந்தாள் மூக்காண்ட வேல காட்டாத" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களாம். எனக்கு அதில் கர்வம் உண்டு. தராசு எலெக்ட்ரானிக் ஆனது, பொட்டலம் ஜிப் கவர் ஆனது, மூக்கு மட்டும் அப்படியே இருந்தது. மாசி மாதம் வரைக்கும்.

மாசியில் உறுவையாறு போயிருந்தேன். அங்கே வாய்க்கால் ஓரத்தில் வல்லாரை பறித்துக் கொடுக்கிற ஒரு குடும்பம் இருக்கிறது. கோணியில் கட்டி வண்டியின் பின்னால் வைத்துக்கொண்டு திரும்பினேன். முன்னால் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிரெய்லர் போய்க்கொண்டிருந்தது. கரும்பு இரண்டு பக்கமும் பின்னாலும் நீட்டிக்கொண்டு ரோடு முழுக்க அதுதான். முந்தப் பார்த்தேன், முடியவில்லை, பின்னாலேயே போனேன். வேகத்தடையில் டிராக்டர்காரன் பிரேக் போட்டான். அதற்கப்புறம் எனக்கு நினைவிருப்பது வானம்தான். ஹெல்மெட் வண்டியில்தான் இருந்தது, கண்ணாடியில் பத்திரமாக மாட்டியிருந்தது. அதற்கு ஒரு கீறல் கூட இல்லை.

அரியூரில் பெரிய ஆஸ்பத்திரி இருப்பதால் பக்கத்திலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். சீட்டில் 'லேசான தலைக்காயம்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். பார்க்க வந்த மச்சான், "தலையில ஒண்ணுமே இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாராமே, எங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததில் தலை வலித்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த 'லேசான' என்கிற வார்த்தை மேல் எனக்குக் கோபம் வர ஆரம்பித்தது. பாத்திரம் விழுந்தால் மண்டைக்குள் விழுந்தது. டியூப் லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. முப்பது வருடமாகக் கைக்கு வந்த சரக்கின் பெயர் வாய்க்கு வராது. ஒருவர் கடுக்காய் கேட்டு நிற்க, நான் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே டப்பாவைத் தேடியிருக்கிறேன். எதற்கென்று இல்லாமல் எரிச்சல் வரும். கட்டு இல்லை, தையல் இல்லை, நொண்டவில்லை. அடிபட்டதற்கு வெளியே ஒரு அடையாளமாவது இருந்தால் ஜனங்கள் கொஞ்சம் மெதுவாகப் பேசுவார்கள். எனக்கு அதுவும் இல்லை.

கடைக்குப் போன முதல் நாள் பெருங்காய டப்பாவைத் திறந்தேன். கட்டிப் பெருங்காயம், மூடியைத் திறந்தால் பக்கத்துத் துணிக்கடைக்காரர் அங்கிருந்தே திட்டுவார், அப்படிப்பட்ட சரக்கு. எனக்கு ஒன்றும் வரவில்லை. மூக்கை உள்ளேயே விட்டேன். தண்ணீர் டப்பாவை மோந்தது போல இருந்தது. சளியாக இருக்கும் என்று வசம்பை எடுத்தேன், சாம்பிராணியை எடுத்தேன், சூடத்தை நசுக்கி இழுத்தேன். சூடம் மட்டும் மூக்கில் சுருக்கென்றது. அது குத்துதானே தவிர வாசனை இல்லை. துணிக்கடைக்காரர், "இன்னாபா, காலைலயே பெருங்காயத்த தொறந்து வச்சிட்ட" என்று கத்தினார். அவர் கத்தியபோதுதான் கோளாறு எங்கே என்று எனக்கு உறுதியானது. டப்பாவை மூடி அதன் இடத்தில் வைத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சரக்கு கொண்டு வருகிறவனுக்குத் தெரிந்தால் அடுத்த மூட்டையிலேயே குப்பை வரும். துணிக்கடைக்காரருக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரியும். மனைவியிடம் ஏன் சொல்லவில்லை என்றால், அவள் அப்போதே பாதி ஆளாகியிருந்தாள். அரியூரில் நான் கிடந்த கிடையைப் பார்த்தவள். நான் கண் விழித்து அவளை அடையாளம் கண்டதே போதும் என்று வில்லியனூர் கோயிலுக்கும் வேண்டிக்கொண்டு மாதா கோயிலிலும் மெழுகுவர்த்தி ஏற்றியவள். அவளிடம் போய் இன்னொன்றும் போயிருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அது தள்ளிக்கொண்டே போனது.

சரக்கு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பாண்டிக்கு பஸ் ஏறி ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தேன். அவர் என் கண்ணைக் கட்டாத குறையாக என்னென்னவோ மோக்கக் கொடுத்தார். பிறகு விளக்கினார். வாசனை நரம்பு நூல் மாதிரி மெல்லிசாம், மண்டைக்கு அடியில் சல்லடை போன்ற எலும்பு வழியாக இறங்குகிறதாம், மூளை குலுங்கினால் அறுந்துவிடுமாம். "வரலாம், வராமலும் போகலாம். கேஸ் அடுப்ப மட்டும் ஜாக்கிரதையா பாருங்க. வீட்ல சொல்லி வச்சிடுங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பெண்ணின் தலையில் மல்லிகைப் பூ இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது.

வீட்டில் வைத்தியம் வேறு மாதிரி நடந்தது. நான் விழுந்தபோது கோணியில் இருந்ததும் வல்லாரைதானே, அதையே கடவுள் கொடுத்த குறிப்பு என்று என் மனைவி எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் வல்லாரையைப் பாலில் காய்ச்சி ஒரு தம்ளர். மதியம் வல்லாரைத் துவையல். மஞ்சளும் மிளகும் எதில் போடலாமோ அதிலெல்லாம். மூளைக்கு நல்லது என்று பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நானே விற்ற சரக்குதான். விற்றபோது அது வேலை செய்கிறதா என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டவர்களிடம், "சாப்பிட்டுப் பாருங்க" என்று மட்டும் சொல்வேன். இப்போது சாப்பிட்டுப் பார்க்கிற முறை எனக்கு.

மகள் கோயம்புத்தூரில் மருந்தியல் மேல்படிப்பு படிக்கிறாள். அம்மா சொல்லிக் கேட்டிருப்பாள்போல, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பிடித்துக்கொண்டாள்.

"மஞ்சள்ல இருக்கிற சத்து, வல்லாரைல இருக்கிற சத்து, நீர்ப்பிரம்மி, இதெல்லாம் மூளையில அடிபட்ட வீக்கத்தக் கொறைக்குதான்னு ஆராய்ச்சி பண்றாங்கப்பா. பொய்யில்ல. ஆனா பெரும்பாலும் எலிக்குத்தான் பாத்திருக்காங்க. நாம துவையல்ல சாப்பிட்றது வயித்தத் தாண்டி ரத்தத்துல சேர்றதே கம்மி. அதுல மூளைக்குள்ள போறது இன்னும் கம்மி. மனுஷனுக்கு அடிச்சி சொல்ற அளவுக்கு இன்னும் வரல."

"எலிக்கு செரியாச்சின்னு எப்பிடி கண்டுபிடிப்பாங்க? அது இன்னா, வாயத் தொறந்து சொல்லுமா?"

"தண்ணித் தொட்டில விடுவாங்கப்பா. தண்ணிக்கு அடியில ஒரு மேடை வச்சிருப்பாங்க, கண்ணுக்குத் தெரியாது. அது எங்க இருந்துச்சின்னு ஞாபகம் வச்சி நீந்திப் போவுதான்னு பாப்பாங்க."

"செரியா போயிடுச்சின்னா? அந்த எலிய இன்னா பண்ணுவாங்க?"

கொஞ்சம் தயங்கினாள். "மூளைய எடுத்துப் பாப்பாங்க."

"செரிம்மா, அந்த வைத்தியம் எனக்கு வேணாம்" என்றேன். சிரித்துவிட்டு, அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். மகளிடமாவது சொல்லியிருக்கலாம். அந்த எலியை நினைத்துக்கொண்டே போனைக் கொடுத்துவிட்டேன். தொட்டியைச் சுற்றி இத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள், அது தன்னந்தனியாக நீந்துகிறது.

கடையை ஓட்ட ஒரு வழி கண்டுபிடித்தேன். வல்லாரையையும் நீர்ப்பிரம்மியையும் எங்கள் தொழிலில் பிரம்மி என்றே கூப்பிடுவதுண்டு. காயவைத்துப் பொடித்தால் இரண்டும் ஒரே பச்சை. கலந்து அனுப்பினால் முன்பெல்லாம் மூக்கு சொல்லிவிடும். இப்போது நாக்கில் ஒரு சிட்டிகை போடுவேன். நீர்ப்பிரம்மி எட்டிக்காயாகக் கசக்கும், வல்லாரைக்கு அந்த அளவு கசப்பு கிடையாது. உப்பு, புளிப்பு, உறைப்பு, இனிப்பு, கசப்பு, இவை நாக்கில் மிச்சமிருந்தன. மற்றதெல்லாம் போயிருந்தது. சாம்பார் என்றால் கொஞ்சம் புளிப்பு, ரசம் என்றால் கொஞ்சம் உறைப்பு, அவ்வளவுதான். என் மனைவி தட்டில் போட்டுவிட்டு, "எப்பிடி இருக்கு?" என்று கேட்பாள். "நல்லாருக்கு" என்பேன். ஒருநாள் அவரைப் பொரியல் அடிப்பிடித்திருந்ததாம். "தீஞ்சத கூட நல்லாருக்குன்றீங்க" என்றாள். "உன் கையால தீஞ்சா அதுவும் நல்லாருக்கும்" என்று சமாளித்தேன். அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் கூட நான் அப்படிப் பேசியவன் இல்லை. அடிபட்ட பிறகு இவர் தங்கமாக மாறிவிட்டார் என்று என் மாமியாரிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது.

தங்கமாக இருப்பது பெரிய பாடு. எல்லோரும் என்னைச் சுற்றி இருந்தார்கள். யாரிடமும் நான் இல்லை.

புரட்டாசியில் ஒருநாள் முற்பகல் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் மஞ்சள் பை. அபிஷேகப்பாக்கத்திலிருந்து வருகிறாளாம். டீக்கடையில் விசாரித்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். என் மனைவி உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து சுக்கைப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒங்களுக்கு மண்டையில அடிபட்டப்ப இன்னா சாப்ட்டீங்களோ அதே குடுங்க. வேற வேணாம்."

"யாருக்கும்மா?"

"எங்க வூட்டுக்காரருக்கு. ஆவணி அறுப்புல வைக்கோல் ஏத்துன டிராக்டர் மேலேர்ந்து வுழுந்துட்டாரு. ஸ்கேன் எடுத்தாச்சி, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. ஆனா வேலைக்குப் போவ மாட்றாரு. ரூம சாத்திக்கினு படுத்துக்குறாரு. டிவி போட்டா கத்துறாரு. எங்க மாமியாரு, வேலைக்குப் போவாததுக்கு சாக்குன்றாங்க."

வாந்தி இருக்கிறதா, பேச்சு குழறுகிறதா, நாளுக்கு நாள் வலி கூடுகிறதா என்று கேட்டேன். இல்லை, முதல் இரண்டு நாள்தான் வாந்தி என்றாள். வல்லாரை டப்பாவை எடுத்துத் தராசில் கவரை வைத்தேன். டீக்கடைக்காரர் அங்கிருந்தே கையை ஆட்டி, நல்லா போடு என்று ஜாடை காட்டினார்.

"அதாச்சும் பரவால்லண்ணே" என்றாள் அந்தப் பெண். குரல் இறங்கிவிட்டது. "சோறு போட்டா தட்ட தள்ளி வுட்றாரு. ருசியே இல்லன்றாரு. அவருக்குப் புடிக்கும்னு கருவாட்டுக் கொழம்பு வச்சேன். தெருவே மணக்குது, இவரு மண்ணத் தின்ற மாதிரி தின்றாரு. எம்மேல இன்னா கோவம்னே தெரியல. வேற எவளாச்சும் இருக்காளோன்னு கூட நெனச்சிட்டேன்."

பொடியை அள்ளிய கரண்டி என் கையிலேயே நின்றது.

"கோவம் இல்லம்மா. அவருக்கு வாசன தெரியல."

"அப்பிடின்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கும் தெரியாது. வுழுந்த அன்னிலேர்ந்து எனக்கு எந்த வாசனையும் தெரியாது. தலவலி இன்னும் இருக்குது. நான் குணமாவல. இந்தப் பொடி என்ன குணமாக்கல."

உள்ளே பொட்டலம் மடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க தைரியம் இல்லை. "அவரு எங்க?" என்று கேட்டேன். இரைச்சல் தாங்காமல் கோயில் மதில் ஓரம் உட்கார்ந்திருக்கிறார் என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு போனேன்.

மதில் நிழலில் தலைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல உடல்கட்டு. பார்க்கிற யாரும் சாக்கு என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"துண்டு போட்டா கொஞ்சம் தேவலையா?"

"ம்."

"நா கருப்புக் கண்ணாடி போட்டுக்குவேன்."

துண்டை விலக்கி என்னைப் பார்த்தார். "ஒங்களுக்கு எப்ப செரியாச்சி?"

"ஆவல."

"அப்பால எப்பிடி கடையில ஒக்கார்றீங்க?"

"ஒக்கார்றேன். வேற இன்னா பண்றது?"

 "எங்க வூட்ல நா பொய் சொல்றேன்னு சொல்றாங்க" என்றார்.

"எங்க வூட்ல எனக்கு செரியாயிடுச்சின்னு சொல்றாங்க."

இரண்டில் எது மேல் என்று இரண்டு பேரும் யோசித்தோம் என்று நினைக்கிறேன். அவர் லேசாகச் சிரித்தார், உடனே நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அந்த வலி எனக்குத் தெரிந்த வலி. இந்த ஏழெட்டு மாதத்தில் என் வீட்டு ஆட்களோடு கூட அவ்வளவு நெருக்கமாக நான் உட்கார்ந்ததில்லை. மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வாசனை தெரியவில்லை என்பதை வாயைத் திறந்து சொல்லுங்கள், தலைவலிக்கும் தூக்கத்துக்கும் அவர்களிடம் வழி இருக்கிறது, வேலைக்கு மெதுவாகத் திரும்பலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் நின்றுகொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். "மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றாள்.  அவர் துண்டை மறுபடியும் இழுத்துக்கொண்டார்.

நான் எழுந்தபோது அவளும் கூடவே நாலடி வந்தாள்.

"அண்ணே, அந்தப் பொடி ஒரு பாக்கெட் இருந்தாலும் குடுங்க."

"அது வேல செய்யும்னு நா சொல்லலியேம்மா."

"தெரியுதுண்ணே. காலைல அவருக்குக் குடுக்க எங்கையில எதனா ஒண்ணு வேணும் இல்ல."

கடை வரைக்கும் வந்து வாங்கிக்கொண்டு போனாள். வேலை செய்யாது என்று சொல்லி நான் விற்ற முதல் பாக்கெட் அது. அவர்கள் ஊர் வழியாகப் போகிற பாகூர் பஸ் வந்தது. அவரைக் கையைப் பிடித்து ஏற்றினாள். அவரை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

கடையில் என் மனைவி சுக்குப் பொட்டலத்தையெல்லாம் அடுக்கி முடித்திருந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு முன்னாடி சொல்ல முடிஞ்சிது. எங்கிட்ட சொல்ல முடியல, இல்ல?"

"நீ பயந்துடுவேன்னு..."

"எப்பிடி இருக்கு எப்பிடி இருக்குன்னு தெனம் கேட்டேனே. நல்லாருக்கு நல்லாருக்குன்னீங்களே. நா யாருக்கு சமைச்சிகினு இருந்தேன்?"

 அவள் அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அழவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. தட்டு வந்தது, சோறு வந்தது, குழம்பு வந்தது. "எப்பிடி இருக்கு?" வரவில்லை. புதிதாக வந்த மூட்டையை நான் கேட்காமலே அவள் மோந்து பார்த்து, "இது வேணாம், பூசண வாட அடிக்குது" என்றாள். எனக்கு உதவியாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லும்போது மூட்டையைப் பார்த்துச் சொன்னாள். டீக்கடைக்காரருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. ஆட்களுக்கு என்னைக் காட்டுவதை நிறுத்திவிட்டார், தன்னை நான் ஏமாற்றிவிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டார். வல்லாரை விற்பனை பழைய அளவுக்கு வந்தது. மூட்டைக்காரன் மட்டும் என் மனைவியைப் பார்த்ததும், "இந்தம்மாவுக்கும் மூக்கு இருக்குதா?" என்று சலித்துக்கொண்டான்.

இன்னொன்றும் வரவில்லை. காலைத் தம்ளர். முதல் நாள் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. மாசியிலிருந்து அந்தப் பச்சைப் பாலை நான் எவ்வளவு திட்டியிருப்பேன், மனதுக்குள்தான். அது வராத காலையில் பேப்பரைப் புரட்டிக்கொண்டு அடுப்படிப் பக்கமே காது வைத்திருந்தேன். தம்ளர் வைக்கிற சத்தம் என் தலைக்கு ஒத்துக்கொள்ளாத சத்தங்களில் ஒன்று. அதைத்தான் கேட்க உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் எரிந்தது, வாசனை வரவில்லை.

"இன்னா வேணும்?"

"வல்லாரப் பாலு."

"அதான் வேல செய்யலன்னு ஊருக்கே சொல்லிட்டீங்களே. அப்பால எதுக்கு?"

"வேல செய்யல. இருந்தாலும் குடு."

கத்தியைக் கீழே வைத்தாள். என்னை நன்றாக ஒருமுறை பார்த்தாள். பிறகு பாலை அடுப்பில் ஏற்றி, டப்பாவிலிருந்து பொடியை எடுத்துப் போட்டு, பொங்கி வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆற்றி என் கையில் கொடுத்தாள். நின்றபடியே ஒரு வாய் குடித்தேன். இந்த முறை மூட்டையில் நீர்ப்பிரம்மியும் கலந்து வந்திருக்கிறது, இரண்டு பேருமே கவனிக்கவில்லை. நாக்கின் அடி வரைக்கும் இறங்கியது.

"எப்பிடி இருக்கு?" என்றாள்.

"கசக்குது" என்றேன்.